எடவண்ணா முதல் அரீக்கோடு வரை: சாலியாற்றில் ஒரு பகல் துடுப்புப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், ஓவேலி, தேவாலா பக்கம் பெய்கிற மழையில் ஒரு பங்கு பாண்டியாறாகவும் புன்னப்புழாவாகவும் கேரளத்துக்குள் இறங்கி, நிலம்பூர் வட்டாரத்தில் சாலியாற்றோடு சேர்கிறது. வயநாட்டு மலைகளிலிருந்து வரும் தண்ணீரும் சேர்ந்த பிறகு, ஆறு நிலம்பூர், மம்பாடு, எடவண்ணா, அரீக்கோடு, மாவூர், பறோக்கு என்று இறங்கி பேப்பூரில் அரபிக்கடலைத் தொடுகிறது. மொத்தம் 169 கி.மீ. நாடுகாணி மலைப்பாதையில் காரோ ஜீப்போ ஓட்டத் தெரிந்த யாரும் அதிகாலையில் கிளம்பி, ஆற்றில் அரைநாள் கழித்து, இருட்டுவதற்குள் கூடலூர் திரும்பிவிடலாம். கோவைக்காரர்கள் முதல் நாள் இரவே நிலம்பூரில் தங்கிவிடுவது நல்லது.

இந்த வழிகாட்டி எடவண்ணாவிலிருந்து அரீக்கோடு வரையுள்ள துண்டைப் பற்றியது. கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் முதல்முறை ஒரு முழு ஆற்றுப் பயணம் போகிறவர்களுக்குச் சாலியாற்றில் பொருத்தமான பகுதி இதுதான் என்பது எங்கள் கணிப்பு. எல்லாவற்றுக்கும் முன் மனதில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு: இந்த ஆற்றின் மனநிலை நீங்கள் இறங்கும் இடத்தில் தீர்மானமாவதில்லை, மலையில் தீர்மானமாகிறது. எடவண்ணாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தேவாலாவிலும் வயநாட்டு மேப்பாடியிலும் கொட்டிய மழை கீழே வந்துகொண்டிருக்கும். ஆகவே திட்டம் மழையில் தொடங்க வேண்டும். படகு, சாப்பாடு, கேமரா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் நிலம்பூருக்கு மேலே வேண்டாம்

வரைபடத்தில் பார்த்தால் நிலம்பூருக்கு மேலேதான் காடும் மலையும் நெருக்கமாகத் தெரியும், ஆசையும் அங்கேதான் போகும். ஆனால் அங்கே ஆறு பாறைகளுக்கு இடையே ஓடுகிறது. யானைகள் ஆற்றைக் கடக்கும் பகுதி அது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறங்கவும் கூடாது. மழைக்காலத்தில் அந்த மேல்பகுதி என்ன செய்யும் என்பதற்கு 2024 ஜூலை 30 சாட்சி. அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டவர்கள் பலரின் உடல்கள், மலைக்கு இந்தப் பக்கம் போத்துக்கல் அருகே சாலியாற்றில்தான் கிடைத்தன. அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு ஆறு இன்னும் துக்கத்தின் இடம். அங்கே கேளிக்கைக்காகப் படகு இறக்காமல் இருப்பது மரியாதையும்கூட.

எடவண்ணாவுக்கு மேலே மம்பாட்டில் ஓடாய்க்கல் ரெகுலேட்டர் (ஷட்டர் வைத்த மதகு) இருக்கிறது. அரீக்கோட்டுக்குக் கீழே, ஊர்க்கடவில் கவணக்கல்லு ரெகுலேட்டர் இருக்கிறது. கடல் உப்பு மேலே ஏறாமல் தடுப்பதற்காகக் கட்டிய மதகுப் பாலம் அது. இந்த இரண்டுக்கும் நடுவில் படகைத் தூக்கிச் சுமக்க வேண்டிய பெரிய தடுப்பு எதுவும் இல்லாமல் போக வாகான துண்டுதான் எடவண்ணா–அரீக்கோடு. ஆறு அகலம். சாலையும் ஊர்களும் எங்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஏதாவது ஆனால் கரையேறி ஆட்டோ பிடிக்கலாம்.

மாதமும் மழையும்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை சிறந்த காலம். தண்ணீர் தெளிந்திருக்கும், காலையில் பனி விலகும்போது கிழக்கே நீலகிரி மதில்போல நிற்கும். மார்ச், ஏப்ரலில் போகலாம், ஆனால் மேல்பாதியில் தண்ணீர் வற்றி மணல்திட்டில் படகு தட்டும். 11 மணிக்கு மேல் வெயில் ஆளை அடித்துவிடும், பிற்பகலில் கோடை இடியும் உண்டு. அக்டோபர், நவம்பரில் ஆறு நிறைந்து அழகாக இருந்தாலும் துலாமழை (ஐப்பசி மழை) மாலைதோறும் இடியோடு வரும். போனால் பகல் 12 மணிக்குள் கரையேறும்படிதான் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் துண்டில் இறங்கவே கூடாது. ஜூலையில் கோடஞ்சேரி பக்கம் சாலிப்புழாவிலும் இருவஞ்சிப்புழாவிலும் நடக்கிற கயாக் போட்டிகளைப் பார்த்துவிட்டுச் சிலர் தைரியம் கொள்கிறார்கள். அது பயிற்சி பெற்றவர்கள், கரையில் மீட்புக் குழுவோடு செய்கிற வேறு விளையாட்டு.

நாள் குறித்த பிறகு மழையைப் பார்க்கும் முறை இது. மூன்று நாள் முன்பிருந்தே இந்திய வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கையைக் கவனியுங்கள். மலப்புறத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, வயநாடு, நீலகிரி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றில் எதற்காவது ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணம் ரத்து. மஞ்சள் என்றால் அடுத்த நாள் காலை மறுபடி பார்த்து முடிவெடுக்கலாம். கூடலூர்வாசிகளுக்கு இதில் ஒரு வசதி: முதல் நாள் இரவு தேவாலாவிலோ ஓவேலியிலோ இருக்கும் உறவுக்காரருக்குப் போன் போட்டு “மழை எப்படி?” என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அரீக்கோட்டை அடுத்த குனியிலில் மத்திய நீர்வள ஆணையத்தின் ஆற்று அளவு நிலையம் இருக்கிறது. அதன் நீர்மட்டம் முந்தைய நாளைவிட ஏறுமுகமாக இருந்தால் காரணம் தெரியும்வரை இறங்காதீர்கள்.

தூரத்தைக் கணக்கிடுதல்

எடவண்ணாவிலிருந்து அரீக்கோட்டுக்குச் சாலையில் சுமார் 12 கி.மீ. ஆறு வளைந்து போவதால் அதைவிடக் கூடும். செயற்கைக்கோள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியை எடுத்து, ஆற்றின் நடுக்கோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். நேர்கோட்டு அளவை நம்ப வேண்டாம். 15 கி.மீ. என்று வைத்துத் திட்டமிட்டால் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

வேகக் கணக்கில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். “ஆறு தள்ளிக்கொண்டு போகும்” என்ற நினைப்பு டிசம்பருக்குப் பிறகு இங்கே செல்லாது. கவணக்கல்லில் ஷட்டர் தாழ்த்தினால் மேல்நோக்கி வெகுதூரம் தண்ணீர் தேங்கி நிற்கும். அரீக்கோட்டை நெருங்க நெருங்க குளத்தில் துடுப்புப் போடுவதாகவே இருக்கும். புதியவர் தேங்கிய நீரில் மணிக்கு 3 முதல் 4 கி.மீ. போவார். காற்று நெருக்கினால் 2.5 ஆகும். 15 கி.மீ.க்கு 4 முதல் 5 மணி நேரம் துடுப்பு, அதோடு ஒன்றரை மணி நேரம் இளைப்பாறல் என்று வைத்தால் காலை 6.45க்கு இறங்கினால் பகல் ஒரு மணி சுமாருக்குக் கரையேறலாம்.

ஏன் இவ்வளவு அதிகாலை? காற்றுக்காக. நண்பகலுக்குமேல் மேற்கே கடலிலிருந்து காற்று எழுந்து ஆற்றின் மேல்நோக்கி வரும். நீங்கள் போவதும் மேற்கு நோக்கி. களைத்த கையோடு எதிர்காற்றில் கடைசி 4 கி.மீ. தள்ளுவது முதல் 8 கி.மீ.யைவிடக் கடினம். இன்னொரு காரணமும் உண்டு. காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் தண்ணீருக்குள் இருக்கும் பாறையும் வலையும் கண்ணுக்குத் தெரியும். பிற்பகலில் எதிர்வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

வரைபடத்திலேயே ஏறத்தாழ 3 கி.மீ.க்கு ஒன்றாக இடைக்கரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: குளிக்கும் கடவு, தோணித்துறை, சாலை தொடும் இடம். ஒவ்வொன்றுக்கும் அருகே வண்டி வருமா என்று பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் 3 கி.மீ. கடக்காவிட்டால், நடுவழியில் இருக்கும் கடவில் பயணத்தை முடிப்பது என்று இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது.

படகு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட்

மேலே உட்காரும் வகைக் கயாக் இந்த ஆற்றுக்கு ஏற்றது. கவிழ்ந்தால் தண்ணீர் நிறையாது, திரும்ப ஏறுவதும் எளிது. ஒருவருக்கு 10 அடி, இருவருக்கு 12 முதல் 14 அடி. படகில் எழுதியிருக்கும் எடைத்தாங்கலில் 70 சதவீதத்துக்குமேல் ஏற்றாதீர்கள். அதற்குமேல் போனால் படகு தாழ்ந்து, திருப்பினால் திரும்பாது. இருவர் படகில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். முன்பக்கம் கனத்தால் மூக்கு புதைந்து நேராகவே போகாது. துடுப்பு 220 முதல் 240 செ.மீ. அகலமான படகுக்கு நீளமானது. குழுவுக்கு ஒரு துடுப்பு உபரியாக இருக்கட்டும்.

காற்றடைத்த கயாக் பேருந்தில்கூட வரும், கோவையிலிருந்து வருவோருக்கு அதுதான் வசதி. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கரையில் வெயிலில் வைத்து முழு அழுத்தத்துக்கு அடித்தால் காற்று விரிந்து தையல் பிரியும். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தொளதொளவென்று ஆகும். கொஞ்சம் குறைவாக அடித்து, நிழலில் வைத்து, தண்ணீரில் 10 நிமிடம் மிதந்த பிறகு மீதியை அடியுங்கள். இடைவேளையில் கரையேற்றினால் வெயிலில் போடாதீர்கள், பாதியைத் தண்ணீரிலேயே விடுங்கள். செம்பாறைக் கரையில் இழுக்கக் கூடாது, தூக்குங்கள். ஒட்டுப்போடும் பசை காய அரைநாளுக்குமேல் ஆகும் என்பதால், ஆற்றில் உதவுவது அகலமான துணி நாடா மட்டுமே. துடைத்துக் காயவைத்த பரப்பில்தான் அது ஒட்டும்.

சொந்தப் படகு இல்லாதவர்கள் கோழிக்கோடு பக்கம் வாடகைக்கு எடுக்கலாம். வழிகாட்டியோடு சேர்த்து எடுப்பதே முதல்முறைக்கு உத்தமம்.

லைஃப் ஜாக்கெட்டில் பேரமே கிடையாது. 2023 மே 7 அன்று இதே மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், அளவுக்குமீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் மிதப்பு (ஜாக்கெட்டின் தாங்குதிறன் அளவு) போதும், தெரியாதவருக்கு 100. உடல் எடைக்கு ஏற்ற அளவை வாங்கி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. தண்ணீரில் அது தலைக்குமேல் கழன்று போய்விடும். மடியில் வைத்துக்கொண்டு “தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்” என்பது நடக்காத காரியம்.

மற்றவை: ஆளுக்கு ஒரு விசில், ஜாக்கெட்டிலேயே கட்டியது. 15 மீட்டர் மிதக்கும் கயிறு. கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தி, வலையில் சிக்கினால் அறுக்க. 20 லிட்டர் டிரை பேக் (நீர் புகாத பை) ஒன்று, அதற்குள் மாற்றுத்துணி, முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், டார்ச். போனுக்குத் தனி உறை, கழுத்துக் கயிறோடு. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். ஆற்றுநீரைக் குடிக்க வேண்டாம். கால் விரலை மூடும் பழைய கேன்வாஸ் ஷூ அல்லது பின்பட்டை உள்ள செருப்பு. ரப்பர் செருப்பு முதல் சேற்றிலேயே போய்விடும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமும் நேந்திரம்பழமும் கடலைமிட்டாயும் போதும். நீலகிரி வழியாக வருகிறவர்கள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துவராதீர்கள், மாவட்டத்தில் தடை இருக்கிறது.

வண்டி ஒரு முனை, ஆள் ஒரு முனை

வருகிற வழி: கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு, எடக்கரை, நிலம்பூர், எடவண்ணா. இந்தப் பக்கத்தில் கே.என்.ஜி. (கோழிக்கோடு–நிலம்பூர்–கூடலூர்) ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். கூரையில் கயாக் கட்டியிருந்தால், நாடுகாணி கொண்டை ஊசிகளில் இறங்கத் தொடங்கிய சில கிலோமீட்டரிலேயே ஒருமுறை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். இறக்கத்தில் படகு முன்னோக்கி நழுவும். அதற்காக முன்மூக்கிலிருந்து முன் பம்பருக்கும் பின்முனையிலிருந்து பின் பம்பருக்கும் தனித்தனியாகக் கயிறு இருக்க வேண்டும். கோவையிலிருந்து ஊட்டி வழியாக வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பாலக்காடு, மண்ணார்க்காடு, வண்டூர் வழி வந்தால் அந்த வேலை இல்லை.

இரண்டு வண்டி இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: எல்லோரும் எடவண்ணாவுக்கு வந்து படகையும் சாமான்களையும் இறக்குங்கள். இரண்டு பேர் காவலுக்கு நிற்க, ஓட்டுநர்கள் இருவரும் இரண்டு வண்டியையும் அரீக்கோட்டுக்கு எடுத்துச் சென்று, ஒன்றை அங்கே விட்டுவிட்டு மற்றதில் திரும்புங்கள். போய்வர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே வண்டி என்றால் அதை அரீக்கோட்டில் விட்டுவிட்டுப் பேருந்திலோ ஆட்டோவிலோ எடவண்ணாவுக்குத் திரும்புங்கள். கொயிலாண்டி–எடவண்ணா மாநில நெடுஞ்சாலை இரு ஊரையும் இணைக்கிறது. வண்டியை முடிக்கும் இடத்தில் வைப்பதே சரி. நனைந்து களைத்து வந்தபிறகு பேருந்துக்கு நிற்பது கொடுமை. வண்டிச்சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் இரண்டுமுறை கேளுங்கள். எடவண்ணாவில் நிற்கும் வண்டியில் அரீக்கோட்டு வண்டியின் சாவி மாட்டிக்கொள்வது எல்லாக் குழுவுக்கும் ஒருமுறையாவது நடக்கும்.

கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்த நாளில் இந்தத் திட்டம் எதுவும் நடக்காது, பேருந்தும் ஓடாது, கடையும் திறக்காது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் சாப்பாட்டுக்கடைகள் சற்றுநேரம் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் ஹோட்டல்கள் பெரும்பாலும் திறக்காது என்பதால் முழுச் சாப்பாட்டையும் கையில் கொண்டுபோங்கள்.

இறங்கும் காலை

எடவண்ணாவில் சீதி ஹாஜி பாலத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். பாலத்தின் மேல் ஐந்து நிமிடம் நின்று கீழே பாருங்கள். தண்ணீரின் நிறம் என்ன? பச்சையோ தெளிவோ என்றால் நல்லது. தேநீர் நிறம், நுரைக்கட்டி, மிதந்துவரும் சருகும் கட்டையும் என்றால் மேலே ஏதோ நடந்திருக்கிறது, அன்றைக்கு இறங்காதீர்கள்.

பிறகு கரைக்குப் போய், தண்ணீர் தொடும் விளிம்பில் மணலில் ஒரு குச்சியைக் குத்துங்கள். படகில் சாமான் கட்டி முடிக்க எப்படியும் 20 நிமிடம் ஆகும். முடித்துவந்து பார்க்கும்போது குச்சியின் அடியைத் தண்ணீர் தாண்டி ஏறியிருந்தால் ஆறு ஏறுகிறது. இரண்டு விரல் அளவு ஏறியிருந்தாலும் கிளம்ப வேண்டாம். மலையில் பெய்த மழையாக இருக்கலாம், மம்பாட்டில் ஷட்டர் உயர்த்தியதாகவும் இருக்கலாம். இரண்டுமே மேலும் ஏறும் என்பதற்கான அடையாளம்தான்.

கரையில் குளிக்க வந்த பெரியவரையோ தோணிக்காரரையோ கேளுங்கள். நம் தமிழும் புரியும், ஆனாலும் “சேட்டா, தாழெ ஒழுக்கு உண்டோ? குழி எவிடெ? வல இட்டிட்டுண்டோ?” (கீழே ஒழுக்கு, அதாவது நீரோட்டம், உண்டா? குழி எங்கே? வலை போட்டிருக்கிறார்களா?) என்று மூன்று கேள்வி கேட்டால் வரைபடம் சொல்லாததெல்லாம் வந்துவிடும். முஸ்லிம் பெரியவர்களை இக்கா என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கரையில் இருப்பவர்கள் “இன்று வேண்டாம்” என்று சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: எத்தனை பேர், படகின் நிறம், இறங்கும் இடம், ஏறும் இடம், எத்தனை மணிக்குப் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு 112க்கோ தீயணைப்பு மீட்புப் படையின் 101க்கோ சொல்ல வேண்டும்.

ஆற்றில் கவனிக்க வேண்டியவை

மூன்று படகாவது சேர்ந்து போவது பாதுகாப்பு. அனுபவமுள்ளவர் முன்னால், அடுத்த அனுபவசாலி கடைசியில். யாரும் முதல் படகை முந்தக் கூடாது, கடைசிப் படகுக்குப் பின்தங்கவும் கூடாது. ஒரு விசில் என்றால் திரும்பிப் பார், மூன்று விசில் என்றால் உதவி என்று பேசிக்கொள்ளுங்கள்.

சாலியாற்றின் மிகப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது: மணல் அள்ளிய குழிகள். பல வருடம் தோண்டியதால் முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பவர் அடுத்த அடியில் தலைக்குமேல் மூழ்குவார். குழியின் விளிம்பு சரிவான மணல், கால் வைத்தால் உள்ளே இழுக்கும். தண்ணீர் ஆழமற்றதாகத் தெரிந்தாலும் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். படகு மணல்திட்டில் தட்டி இறங்கித் தள்ளும்போது முதலில் துடுப்பால் குத்திப் பார்த்து, படகைப் பிடித்துக்கொண்டே நடங்கள். குழந்தைகள் குளிக்க, ஊரார் குளிக்கும் கடவு மட்டும்.

அடுத்தது மூங்கில். வெளிவளைவில் கரை அரித்து மூங்கில் புதர்கள் அப்படியே தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் கிளைகளுக்கு இடையே புகுந்துபோகும். படகும் ஆளும் அப்படிப் போக முடியாது, கிளையில் அழுந்தி நின்றுவிடுவார்கள். ஒழுக்கு இருக்கும் நாட்களில் வளைவு தெரிந்ததும் உள்வளைவுப் பக்கம் வந்துவிடுங்கள். தப்பித்தவறி கிளை மேல் படகு இடித்தால், உடம்பைக் கிளைப்பக்கம் சாய்க்க வேண்டும். எல்லோரும் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அப்போதுதான் தண்ணீர், ஒழுக்கு வரும் பக்கத்து விளிம்பில் ஏறிப் படகைக் கவிழ்க்கும்.

வரிசையாகத் தெர்மோகோல் துண்டோ காலி பாட்டிலோ மிதந்தால் அடியில் வலை இருக்கிறது. வரிசையின் முனையைச் சுற்றிப் போங்கள், அல்லது துடுப்பைத் தூக்கிக்கொண்டு மிதவைகளுக்கு நடுவே நேராக வழுக்கிப் போங்கள். வலையை அறுப்பது உயிர் போகும் நிலையில் மட்டும். ஒருவரின் அன்றைய வருமானம் அது. குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் கிணறுகளும் பம்புவீடுகளும் கரையோரம் உண்டு. அவற்றுக்கு அருகே போகாதீர்கள். கோடையில் சில இடங்களில் மணல்மூட்டை அடுக்கித் தடுப்புப் போட்டிருப்பார்கள். வழிந்தோடும் மூட்டைமேல் சறுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். கீழே தண்ணீர் பின்னோக்கிச் சுழலும் இடத்தில் படகு மாட்டிக்கொள்ளும். நன்றாக மேலேயே கரையேறித் தூக்கிக்கொண்டு போய் கீழே இறக்குங்கள்.

துடுப்பைக் கையால் மட்டும் இழுத்தால் முதல் 5 கி.மீ.யில் தோள் போய்விடும். கால்களை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, கால்விரல் அருகே துடுப்பை நட்டு, இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். கை நீளமாகவே இருக்கட்டும். உள்ளங்கையில் கொப்புளம் வந்தால் பிடி இறுகலாக இருக்கிறது என்று பொருள்.

கவிழ்ந்தால்

கிளம்பும் முன்பே இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிப் பழகுங்கள். படகை நிமிர்த்துங்கள், நடுவில் குறுக்கே வயிற்றில் படுத்து மேலே வாருங்கள், புரண்டு உட்காருங்கள், கடைசியில் கால்களை உள்ளே இழுங்கள். நேராக உட்கார முயன்றால் மறுபடி கவிழும். ஆழத்தில் கவிழ்ந்தவர் துடுப்பையும் படகையும் விடக் கூடாது. படகு மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். ஒழுக்கில் கால் ஊன்றி எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறையிடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் உங்களைக் குப்புறத் தள்ளும். மல்லாந்து, கால்விரல்களை மேலே காட்டி, பாதம் முன்னே போகும்படி மிதந்து கரை நோக்கி நகருங்கள்.

மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்வது இப்போது முக்கியம். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா தொற்று பலருக்கு வந்திருக்கிறது. தேங்கிய வெதுவெதுப்பான நீர் மூக்கு வழியே ஏறும்போதுதான் அது உள்ளே போகிறது. தலைகுப்புறக் குதிப்பதைத் தவிருங்கள். கவிழும் பயிற்சிக்கு மூக்கு கிளிப் போடுங்கள்.

கண்ணுக்கு விருந்து

முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போனால் இந்தப் பயணத்தின் பாதி அழகு பின்னால் போய்விடும். அரைமணிக்கு ஒருமுறை படகைத் திருப்பிக் கிழக்கே பாருங்கள். ஆற்றின் கோட்டுக்கு மேலே மலைத்தொடர் அடுக்கடுக்காக நிற்கும். இறங்கும் முன் நிலம்பூரில் நேரம் இருந்தால், 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நடவைத்த தேக்குத் தோட்டம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அந்த நாட்களில் நிலம்பூர் மரங்கள் இதே தண்ணீரில் மிதந்துதான் கோழிக்கோட்டுக் கல்லாய் மரச்சந்தைக்குப் போயின.

கரையில் கமுகும் தென்னையும் ரப்பரும் மாறிமாறி வரும். செம்பருந்தும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் காலை 9 மணிக்குள் நன்றாகத் தெரியும். துடுப்பைப் படகில் வைத்துவிட்டு மிதந்தால் மீன்கொத்தி அமர்ந்த கிளைக்கு மிக அருகே போகலாம், துடுப்பை உயர்த்திய நொடியில் பறந்துவிடும். பெண்கள் குளிக்கும் கடவு வந்தால் எதிர்க்கரை ஓரமாகப் போங்கள், கேமராவைப் பையில் வையுங்கள். இந்த ஆறு அவர்களின் வீட்டுக் கொல்லைப்புறம்.

அரீக்கோட்டுக்குக் கீழே

ஒரு நாள் பழகியவர்கள் அடுத்தமுறை கீழே போக நினைப்பார்கள். கவணக்கல்லுக்குக் கீழே கடலின் ஏற்றமும் இறக்கமும் ஆளும். பேப்பூர் அலைப்பட்டியல் பார்த்து, நீர் வற்றத் தொடங்கும் நேரத்தில் இறங்கினால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தண்ணீர் உங்களோடு வரும், தவறினால் அதே தண்ணீர் எதிர்த்து நிற்கும். ரெகுலேட்டர் தெரிந்ததும் வெகுமுன்னே கரையேறுங்கள், ஷட்டர் திறந்திருந்தாலும் அடியில் போகாதீர்கள். பறோக்கு வரை போய் நிறுத்துங்கள். பேப்பூர் முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளும் ஜங்காரும் (வண்டி ஏற்றும் படகு) கடல் அலையும் சேரும், சிறு கயாக்குக்கு அங்கே வேலை இல்லை.

திரும்பி வந்த பிறகு

அரீக்கோட்டில் கரையேறியதும் முதலில் வீட்டுக்குப் போன், பிறகு சாப்பாடு. குப்பைப் பையை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படகையும் ஜாக்கெட்டையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். காற்றடைத்த படகை ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

காலிலோ கையிலோ கீறல் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கேரள ஆற்றங்கரைகளில் எலிக்காய்ச்சல் சாதாரணம். அது கீறல் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறும். ஆறாத புண்ணோடு போக நேர்ந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், “ஆற்றில் இறங்கினேன்” என்பதையும் இறங்கிய தேதியையும் முதலில் சொல்லுங்கள். கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் வாந்தியும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.